நஸ்ரினின் பக்கத்தைச் சுத்தம் செய்த கதை

பொறாமை வந்தால் சிலருக்குத் தூக்கம் போகும், சிலருக்குப் பசி போகும். எனக்குச் சுத்தம் செய்யும் வெறி வரும். ஓரகத்தி கார் வாங்கிய வாரம் எங்கள் வீட்டுப் பரண் பளபளத்தது. பரணோடு நிறுத்தியிருக்கலாம்.

அப்போது என் மகள் இனியாவுக்கு ஒன்றரை வயது. மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. அலுவலகம் உழவர்கரையில். பிரசவ விடுப்பு முடிந்தபின் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதித்திருந்தார்கள். குழந்தையை மடியிலும் லேப்டாப்பைக் குழந்தைக்கு எட்டாத இடத்திலும் வைத்துக்கொண்டு செய்தேன். (இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது, வேண்டுமானால் முயன்று பாருங்கள்.)

கம்பெனிக்கென்று ஒரு விக்கி இருந்தது. வேலை சம்பந்தமான குறிப்புகளை யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நிரந்தரமாகப் போடப்போவதாக மேலாளர் பிரபு சார் சொன்னார். அந்த ஆள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். மற்றவர்கள் எல்லாரும் அடுத்த மாதம் முதல் அலுவலகம் வர வேண்டும். எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் இனியா குழந்தைகள் காப்பகத்துக்குப் போக வேண்டும்.

போட்டிக்கு ஒரே ஆள், கருவடிக்குப்பம் நஸ்ரின். நான் விடுப்பில் போனபோது என் இடத்துக்கு வந்தவள். ‘விக்கியில் எழுதுவது எப்படி’ என்று புதியவர்களுக்காக ஒரு பக்கம் எழுதினாள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பிரபு சார் அதற்கு இதயம் போட்டார். என் பக்கங்களுக்கு அதுவரை கட்டைவிரல்தான். (அதுவும் கை தவறிப் பட்டது போலவே எனக்குத் தோன்றும்.) சென்னை வாடிக்கையாளருக்கு மறுநாள் அந்தப் பக்கத்தைத்தான் காட்டப்போகிறார் என்றும் தெரிந்தது.

குறை தேடித் திறந்தேன். பக்கம் முழுக்க சாம்பல் நிறப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எடுத்துக்காட்டாக ஒரு குறியீடு: எழுத்தைத் தடிமனாக்க இப்படி எழுதுங்கள், அட்டவணை போட இப்படி எழுதுங்கள், பக்கமே வேண்டாமென்றால் இந்தக் குறியைப் போடுங்கள், சாயங்காலம் ஒரு தானியங்கி நிரல் வந்து அழித்துவிடும். எல்லாம் சரியாக இருந்தது. எரிச்சலாக வந்தது.

திருத்தும் பக்கத்தைத் திறந்ததும் குறை கிடைத்தது! ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் முன்னும் பின்னும் ‘நோவிக்கி’ என்ற குறியைப் போட்டு வைத்திருந்தாள். வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி விட்டாலே பெட்டி வந்துவிடுகிறது, அப்புறம் இது எதற்கு? பெட்டிக்குள் இருப்பது வெறும் காட்சிக்குத்தானே? கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பொம்மைக்குப் பூட்டு வேறா?

எடுக்கலாமா? எடுத்தால் பொறாமை என்பார்களோ? எடுக்காவிட்டால் இவள் எதையும் கவனிக்கவில்லை என்பார்களோ?

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த என் கணவர் செந்தில் எட்டிப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு எழுதனத நோண்டினு இருக்க?”

“நோண்டல. சுத்தம் பண்றேன்.”

“பரண் மாதிரியா?”

எல்லா நோவிக்கிகளையும் பெருக்கித் தள்ளினேன். ஒருமுறை முன்னோட்டம் பார்த்திருக்க வேண்டும். தொட்டிலில் இனியா சிணுங்கினாள். மாற்றக் குறிப்பில் ‘தேவையற்றவை நீக்கப்பட்டன’ என்று கம்பீரமாக எழுதிச் சேமித்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை காணொலிக் கூட்டம். பிரபு சார் பெருமையோடு பக்கத்தைத் திறந்தார். திரையில் வந்தது இதுதான்: ‘இந்தப் பக்கம் நீக்கப்பட்டது.’ அதன் கீழே, கடைசியாக மாற்றியவர் என்று என் பெயர், முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு. பக்கத்திலேயே என் குறிப்பு: ‘தேவையற்றவை நீக்கப்பட்டன.’

சென்னைக்காரர் தொண்டையைச் செருமினார். “சார், நேத்து ரொம்ப முக்கியமான பக்கம்னு சொன்னீங்களே?”

நான் அவசரமாக மைக்கைப் போட்டேன். “நான் அழிக்கல சார், சத்தியமா! சுத்தம்தான் பண்ணேன்!”

“முழுசா பண்ணிட்டீங்கம்மா,” என்றார் பிரபு சார்.

நஸ்ரின்தான் கண்டுபிடித்தாள். “அக்கா, நோவிக்கிய எடுத்துட்டீங்களாக்கா? இந்தப் பெட்டி பாக்கத்தான் பெட்டி. உள்ள இருக்குற குறியெல்லாம் வேலை செய்யும். நோவிக்கி போட்டாதான் வேலை செய்யாம சும்மா எழுத்தா நிக்கும். ‘அழிச்சுடு’ன்ற குறியும் உள்ள இருந்துச்சு இல்ல, அதான் சாயங்காலம் பக்கத்த அழிச்சுட்டுப் போயிருக்கு.” பேசிக்கொண்டே பக்கத்தை மீட்டும் விட்டாள். அதோடு விட்டாளா? “என் தப்புதான் சார். எதுக்குப் போட்டேன்னு ஒரு வரி எழுதியிருக்கணும்,” என்றாள். திட்டியிருந்தாலாவது அவளை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

விக்கி வேலை நஸ்ரினுக்குப் போனது. நான் ஸ்கூட்டரில் அலுவலகம் போனேன். காப்பகத்தின் முதல் நாள், இனியா அழுதால் எப்படித் தேற்றுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவள் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். வாசலில் நின்று அழுதது நான்தான். அந்த ஒரு வாரம் நஸ்ரினை மறந்து அந்த ஆயாம்மாவின் மேல் பொறாமைப்பட்டேன்.

செந்தில் இந்தக் கதையைச் சொல்லாத உறவுக்காரர் இல்லை. நோவிக்கி எங்கள் வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. “டிவியத் தூக்கி வெளிய போட்டுருவேன்!” என்று நான் கத்தினால், இப்போது ஐந்து வயதாகும் இனியா ரிமோட்டைக் கீழே வைக்காமல் கேட்பாள்: “நோவிக்கியா, நெசமாம்மா?” உள்ளிருந்து செந்தில் குரல் கொடுப்பார்: “நோவிக்கிதான், நீ பாரு.”

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்: “நஸ்ரினுக்குப் பதவி உயர்வு வந்துருக்கு. எனக்கு ரொம்ப சந்தோஷம்.”

செந்தில் தட்டிலிருந்து நிமிரவில்லை. இனியாதான் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு அவர் பக்கம் சாய்ந்தாள்.

“அப்பா, இது நோவிக்கிதானே?”