பெப்டைடு சாரின் வாழ்க்கைக் குறிப்பு, திருத்தப்பட்டது

பணி நிறைவு மலரின் ஆசிரியர் அவர்களுக்கு, சாரின் கடைசி ஆய்வு மாணவி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சகமும் நலமென நம்புகிறேன். நான் நலமில்லை, மலரில் அதற்கு இடமிருக்காது என்பதால் விஷயத்துக்கு வருகிறேன்.

சாரின் வாழ்க்கையையும் பணியையும் ஒரு பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, மறுபடி முதல் நாள். கேட்டால், "மொதல்ல மலருக்கு எழுதிக் குடும்மா, அப்புறம் பாக்கலாம்" என்கிறார். நான்கு நாளாகப் புகழ முயல்கிறேன். வரமாட்டேன் என்கிறது.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சிறு சங்கிலி. கிருமியைக் கொல்லும் ஒரு பெப்டைடைச் செய்வதே சாரின் முப்பது வருடக் கனவு. சங்கிலியைக் காகிதத்தில் தலையிலிருந்து எழுதுவோம்; இயந்திரம் வாலிலிருந்து கோக்கும். அதற்குச் சிரமம் வேண்டாமென்று சார் வரிசையைத் தாமே தலைகீழாக்கிக் கொடுத்தார். இயந்திரமோ எழுதிக் கொடுத்ததைத் தானே திருப்பிக்கொள்ளும் ரகம். இரண்டு புத்திசாலிகளும் ஆளுக்கொரு தரம் திருப்பியதில் பெப்டைடு தலைகீழாகப் பிறந்தது, நான்கு வருடம் அப்படியே பிறந்தது, அதை ஊற்றிய தட்டில் கிருமிகள் சாகாமல் கொழுத்துப் பிள்ளை குட்டி பெற்றன, சார் "தட்டு சுத்தமில்ல" என்று என்மேல் பாய, நான் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காமேல் பாய, அக்கா, "இந்தக் கட்டடத்துல எது கெட்டாலும் நான் கழுவாததுதான் காரணம், சொல்லு சொல்லு" என்றார். வெட்கமாயிருந்தது. மறுவாரமும் பாய்ந்தேன். போனில் அம்மா வேறு: "மணி கோக்குறேன் கோக்குறேன்னு சொல்றியே, எத்தன மணிடி?" "இருபத்தொண்ணும்மா." "நாலு வருஷத்துக்கு இருபத்தொண்ணா? இங்க அனுப்பு, நான் கோத்துத் தரேன்."

இயந்திரத்தின் கையேட்டைச் சார் பத்திரமாக அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். மூன்று மாதம் முன்பு ஓய்வுக்காக அலமாரியைக் காலி செய்தபோது அக்காதான் தூக்கி வந்தார்: "ஏம்மா, இதுக்குப் போட்ட பிளாஸ்டிக்கக்கூடப் பிரிக்கலியே, பழைய பேப்பர்ல போடவா?" மூன்றாம் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: வரிசையைத் திருப்பாதீர்கள். ஒரே வாரத்தில் நேராகச் செய்தேன். தட்டில் ஒரு கிருமி மிச்சமில்லை.

"நாலு வருஷம் வீணாப் போச்சே சார்."

சார் கண்ணாடியைத் துடைத்தார். "யாரும்மா வீணுன்னது? எது வேலை செய்யாதுன்னும் காட்டணுமில்ல? அதுக்குப் பேரு கன்ட்ரோல்."

இருபத்து நான்கிலிருந்து இருபத்தெட்டு வரை என் வயது கன்ட்ரோல், ஐயா. வெளிவரும் கட்டுரையில் சார் பெயர், துறைத் தலைவர் பெயர், இயந்திரம் வாங்க ஒப்புதல் தந்தவர் பெயர் எல்லாம் இருக்கின்றன. அக்கா பெயரையும் சேர்க்கலாமா என்றேன். "கழுவுறவங்களப் போட்டா, அப்புறம் லிப்ட்காரரும் கேப்பாரு" என்றார் சார். கேட்கட்டுமே! லிப்ட்காரர் இதுவரை யாரையும் தலைகீழாக ஏற்றியதில்லை.

இதுதான் வாழ்க்கைக் குறிப்பு. ஒரு எழுத்து மாற்றாமல் அச்சிடுங்கள். கையெழுத்து போனால் போகட்டும்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும், குறிப்பாகப் பிழை திருத்துபவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கன்ட்ரோல்

பி.கு.: உறையில் போடும் நேரம் சார் ஓடி வந்தார். "எங்க போடணும்மா? கார் வெயிட்டிங்" என்று மேஜைமேல் இருந்த தாள்களிலெல்லாம் ஒன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டுப் போனார். ஆய்வேட்டிலும் போட்டாயிற்று, இந்தக் கடிதத்திலும் போட்டாயிற்று. ஆகவே மேலே எழுதிய அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். சார் மகான். அச்சிட வேண்டாம். ஆனால் கீழே, ‘என் மேற்பார்வையில் நடந்தது, அனைத்தும் உண்மை’ என்ற முத்திரை வெகு தெளிவாக விழுந்திருக்கிறது. ஒருவேளை அச்சிட்டுத்தான் தீருவேன் என்று தாங்கள் அடம்பிடித்தால், அதைக் கொஞ்சம் பெரிதாகப் போடவும்.