வாய்தா அண்ணனும் ஊமையான சிந்தசைசரும்

அவர் கொடுத்த அளவுக்கு வாய்தாக்களை எந்த ஊர் ஜட்ஜும் கொடுத்திருக்க மாட்டார். பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ரிப்பேர் கடை. மிக்சியோ, பம்புசெட் ஸ்டார்ட்டரோ, கோயில் ஆம்ப்ளிஃபையரோ, எதைக் கொடுத்தாலும் “செவ்வாக்கிழமை வாங்க” என்பார். செவ்வாய்க்கிழமை போனால் “வெள்ளிக்கிழமை பாப்போம்.” ஊரே அவரை ‘வாய்தா’ என்றது. எனக்கு வாய்தா அண்ணன். நிஜப்பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சாமான் ஏன் கெட்டது என்று தெரியாமல் அதைக் கடையை விட்டு அனுப்ப மாட்டார், அவ்வளவுதான். ஒருமுறை ரிப்பேருக்கு வந்த ஒரு விவசாயியின் மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. “அதான் ஓடுதேண்ணே, குடுங்க. நாத்து காயுது” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஓடுறது தெரியுது. ஏன் நின்னுச்சுன்னு இன்னும் சொல்லலியே” என்றார் அண்ணன். தன் சொந்த மோட்டாரைத் தூக்கி விவசாயியிடம் கொடுத்துவிட்டு, ரிப்பேர் மோட்டாரை மட்டும் ஒன்பது நாள் விசாரித்தார்.

இந்த மனுஷனிடம்தான் என் பிழைப்பு போய்ச் சிக்கியது.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவன். என்னுடையது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய அனலாக் சிந்தசைசர். கம்ப்யூட்டர் புத்தியெல்லாம் அதற்குக் கிடையாது. நெற்றியில் இருபத்தேழு ஸ்லைடர்கள். அவற்றை மேலும் கீழும் தள்ளித்தான் சத்தத்தை உருவாக்க வேண்டும். அதில் ஒன்றை மெல்ல மேலே தள்ளினால், அடைத்துக் கிடந்த சத்தம் மடையைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று வரும். அதற்காகவே எங்களைக் கூப்பிட்ட காலம் உண்டு.

கொஞ்ச நாளாக அது மானத்தை வாங்கியது. நடுப்பாட்டில் ஸ்லைடரைத் தள்ளினால் கரகரவென்று இருமும், ஒரு துள்ளு துள்ளும், அப்புறம் ஊமை. மூன்றாவது கல்யாணத்தில் இப்படி நின்றபோது குழுவின் ஓனர் என்னைத் தனியே அழைத்தார்.

“ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர்ல ரிசப்ஷன். அதுலயும் ஊமையாச்சுன்னா திருச்சியிலேருந்து ஒரு பையன் லேப்டாப்போட வரான். நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க.”

இருபத்திரண்டு வருஷம் வாசித்தவனைப் பார்த்து ரெஸ்டாம்! செவ்வாய்க்கிழமை காலையிலேயே சிந்தசைசரை வாய்தா அண்ணன் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

“திங்கக்கிழமை வாங்க.”

“அண்ணே, ஞாயித்துக்கிழமை கல்யாணம்ணே!”

“ஒரு நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்களேன்” என்றார், சிரிக்காமல்.

என் முகத்தைப் பார்த்து மனசு இளகியிருக்க வேண்டும். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொல்லி விசாரணையைத் தொடங்கினார். “மழையில நனைஞ்சுதா?” இல்லை. “எலி?” இல்லை. “டீ கொட்டுச்சா? பாட்டுக்காரம்மா மேல உக்காந்துச்சா?” ஐயோ, இல்லவே இல்லை. பிளக்கைச் சொருகி இருபத்தேழையும் தள்ளிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. ஒரு கரகரப்பு இல்லை. படுபாவி மெஷின், அவர் கடையில் குயில் மாதிரி பாடியது. புதன், வியாழன் இரண்டு நாளும் அதே கதைதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் போனார். “எங்கெங்க மக்கர் பண்ணுச்சு, எங்க ஒழுங்காப் பாடுச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

மக்கர் செய்தது கும்பகோணத்துப் பெரிய மண்டபம், தஞ்சாவூரில் இரண்டு மண்டபம். ஒழுங்காகப் பாடியது திருப்பனந்தாள் பக்கம் ஒரு கோயில் திருவிழா, களத்துமேட்டில் பந்தல் போட்ட காதுகுத்து, இரண்டு மஞ்சள் நீராட்டு. எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

“பணக்காரன் வீட்டு விசேஷத்துல மட்டும் வாயை மூடிக்குது. ஏழை வீட்டுல பாடுது. தம்பி, இது கம்யூனிஸ்டு மெஷினுங்க!”

சொல்லி முடித்த அடுத்த நொடி தன் நெற்றியில் படாரென்று அறைந்துகொண்டார். “ஏசி! ஏசி மண்டபத்துலதானே நிக்குது?” ஆமாம். மூன்றும் ஏசி மண்டபங்கள். நான் கவனித்ததே இல்லை.

ஆனால் உச்சி வெயிலில், தகரக் கூரைக்கடியில் ஏசிக்கு எங்கே போவது? அண்ணன் சிந்தசைசரைப் பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். எதிரே ஏ.டி.எம். இருந்தது.

“உள்ள ஒருத்தர்தான் போகணும்” என்று வாட்ச்மேன் மறித்தார்.

“ஒருத்தன்தானே போறேன்? இது ஆளா?” என்று உள்ளே நுழைந்து, தரையில் சம்மணம் போட்டு, சிந்தசைசரை மடியில் கிடத்திக்கொண்டார்.

முக்கால் மணி நேரம்! வெளியே கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த ஒரு அம்மா, “புது மெஷினா? இதுல எதைத் தள்ளினா பணம் வரும்?” என்று என்னிடமே கேட்டார். திடீரென்று உள்ளேயிருந்து ஒரு கூச்சல்: “புடிச்சிட்டேன்! புடிச்சிட்டேன்!” வாட்ச்மேன் திருடன்தான் அகப்பட்டான் என்று விசிலை ஊதிவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கடையில் வழுக்கிய ஸ்லைடர்கள் சேற்றில் மாட்டிய மாட்டுவண்டி மாதிரி நின்றன. அண்ணன் ஒன்றின் இடுக்கில் குச்சியை விட்டு எடுத்தார். நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தார். அப்புறம் என் தலையை இழுத்து வைத்து முகர்ந்தார்.

“எத்தனை நாளாடா இதுக்குத் தேங்காயெண்ணெய் விடுற?”

கோபம் வந்தால் அவருக்கு மரியாதை போய்விடும். நான் என்ன செய்வேன்? எங்கள் ஊரில் வாசல் கேட்டு கிறீச்சிட்டாலும் தேங்காயெண்ணெய், தையல் மெஷின் மக்கர் செய்தாலும் தேங்காயெண்ணெய். ஸ்லைடர்கள் இறுகியபோது சம்சாரத்தின் எண்ணெய் பாட்டிலிலிருந்து ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன். சூட்டில் அது எண்ணெயாக இருந்தது. ஏசியில் உறைந்து, ஸ்லைடரின் முள்ளை உள்ளே இருந்த தகட்டைத் தொட விடாமல் தூக்கிப் பிடித்துவிட்டது.

“மெஷினுக்குத் தலை சீவி, பூ வச்சு விடலியா?” என்று கேட்டுக்கொண்டே இருபத்தேழையும் கழற்றினார். ஸ்பிரிட்டில் கழுவி, பஞ்சால் துடைத்து, மாட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் முடிந்தது. அவர் சரித்திரத்திலேயே சொன்ன வாய்தாவுக்கு முன்னாலேயே முடிந்த முதல் கேஸ்!

ஞாயிற்றுக்கிழமை அழைக்காமலே வேனில் ஏறிக்கொண்டார். மண்டபத்தில் நுழைந்ததும், “மெஷினை ஏசிக்கு நேர் கீழ வைங்க” என்றார். ஓனர் அலறினார். “ஒளிச்சு வச்சுப் பாட வச்சா அது ரிப்பேராங்க?” என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். கடைசியில் அங்கேதான் வைத்தோம்.

மூன்றாவது பாட்டு. என் விரல் ஸ்லைடரில் இருந்தது. மெல்லத் தள்ளினேன். வந்தது பாருங்கள் சத்தம்! ஒரு இருமல் இல்லை, ஒரு துள்ளல் இல்லை. மண்டபத்தின் கடைக்கோடி வரை நிரம்பியது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் மேடைக்கு முன்னால் ஆட ஆரம்பித்தார்கள், பந்திக்குப் போனவர்கள் ஈரக்கையோடு திரும்பி வந்தார்கள். ஒன்ஸ்மோர், இன்னொரு ஒன்ஸ்மோர். ஓனர் அங்கேயே செல்போனை எடுத்துத் திருச்சிப் பையனிடம், “நீ வரவேணாம்ப்பா, எங்க ஆளு இருக்காரு” என்றார். எங்க ஆளு! என் காதாலேயே கேட்டேன்.

பெண்ணின் அப்பா மேடைக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அப்போதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். கச்சேரி முழுக்க மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஏசிக்கு நேர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். கையிரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பல் தந்தியடிக்க, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

இறங்கிப்போய்ப் பொன்னாடையை அவருக்குப் போர்த்தினேன்.

“எனக்கெதுக்கு தம்பி?”

“குளிருதுல்லண்ணே.”

ஜரிகையைத் தடவிப் பார்த்தார். கையைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போய் என் பக்கத்தில் உட்கார வைத்து, எனக்குப் போட்ட ஜாங்கிரியையும் அவர் இலைக்குத் தள்ளினேன். “போதும்பா, போதும்பா” என்றார். எனக்கென்னவோ போதவே போதாது என்றுதான் இருந்தது.