சோக்கண்ணா மாட்ட மறுத்த அறுபது சோக்குகள்

பெங்களூரில் டியூப்லைட் சம்பந்தப்பட்ட அரசாங்க விதிகளை ஒரு வரி விடாமல் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவற்றை எழுதிய அதிகாரி. இன்னொருவர் எங்கள் சோக்கண்ணா. அதிகாரி கடைசிவரை படித்திருப்பாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆஸ்டின் டவுனில் கட்டட வரைபடம் போடும் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு வேலை. அங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்தவர்தான் சோக்கண்ணா. காண்டிராக்டர் அனுப்பிய ஆள் என்பதால் ஆபீஸ் ரிஜிஸ்டரில் அவர் பெயர் கிடையாது. எங்களுக்கும் தெரியாது. டியூப்லைட் பட்டைக்குள் கனமாக ஒரு டப்பா இருக்குமே, சோக்கு, அதன்மேல் அவருக்கு இருந்த கோபத்தால் வந்த பெயர் இது.

"டியூப்லைட்டு நாப்பது வாட்டு சார். அது நியாயமா எரியுது. இந்த சோக்கு சும்மா குந்திக்கினு அதுபாட்டுக்குப் பத்து வாட்டு துன்னுது. கேட்டா, சூடு காட்டுது!"

எந்த இடத்துக்குப் போனாலும் முதல் காரியமாக ஸ்டூல் தேடுவார். ஏறி, காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையைச் சோக்கின்மேல் வைப்பார். ஒருமுறை பல் டாக்டரிடம் போனவர், வாயைத் திறந்தபடி நாற்காலியில் படுத்திருந்தபோதே மேலே இருந்த சோக்கு சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். பல்லைப் பிடுங்கும்வரைகூடப் பொறுக்காமல் டாக்டருக்குப் பாடம் எடுத்தார். டாக்டர் வேறு பல்லைப் பிடுங்கிவிட்டதாகக் கேள்வி.

என் கல்யாண ரிசப்ஷனுக்கும் வந்தார். ஆல்பத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் எங்கள் தலைக்கு மேலே பார்த்து முகம் சுளிக்கிறார். பளபளப்பான காகிதம் சுற்றிக் கொடுத்த பரிசைப் பிரித்தால், உள்ளே சூடும் சத்தமும் இல்லாத எலெக்ட்ரானிக் சோக்கு. "உங்க ஃப்ரெண்டா?" என்றாள் என் மனைவி. எங்கள் முதல் சண்டை அதுதான்.

இப்படியிருக்க, கம்பெனி மாடியில் புதிதாக ஒரு ஹால் கட்டியது. அறுபது டியூப்லைட். எங்கள் ஜி.எம். தும்கூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். யாரோ மலிவாகத் தந்தார்கள் என்று பழைய மாதிரி செப்புக் கம்பிச் சோக்குகள் அறுபதை வாங்கிப் போட்டுவிட்டார். எதிலும் பெயரில்லை, முத்திரையில்லை. சோக்கண்ணா ஒன்றைக் கையில் எடுத்து, செத்த எலியைப் போல் திரும்பக் கீழே வைத்தார்.

"இத நான் மாட்ட மாட்டேன் சார்."

"ஏன் ரீ?" என்றார் ஜி.எம்., கன்னட மரியாதை விடாமல்.

சோக்கண்ணா சட்டைப்பையிலிருந்து மடிப்பு கிழிந்த காகிதம் ஒன்றை எடுத்தார். சோக்கு எவ்வளவு மின்சாரம் தின்னலாம், எவ்வளவுக்கு எத்தனை நட்சத்திரம் என்று அரசாங்கம் போட்ட விதிகளின் நகல். ஜி.எம். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசும் படித்தார். படித்ததும் முகம் மலர்ந்தது.

"இங்க பாருங்க, கட்டாயம்னு போடலயே! விருப்பம் இருந்தா மட்டும்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா சார். எனக்கு விருப்பம் இருக்குது."

பக்கத்தில் இருந்த நாங்கள் வரைபடங்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். ஜி.எம்.முக்கு ரத்தம் கொதித்தது. மறுநாளே மெமோ வந்தது. 'திரு. சொக்கலிங்கம் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது. சோக்கண்ணா என்றால் சொக்கண்ணாதானே, முழுப்பெயர் இதுவாகத்தான் இருக்கும் என்று டைப் அடித்தவர் முடிவு செய்துவிட்டார். சோக்கண்ணா அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க. பாவம், அந்த ஆள் இன்னா தப்பு பண்ணாரோ."

விளைவு, அன்று மாலையே அவரை நிறுத்திவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுகூட வாசல் விளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். விவேக் நகரிலிருந்து வேறொரு எலெக்ட்ரீஷியன் வந்து இரண்டே நாளில் அறுபதையும் மாட்டினார்.

திறப்பு விழாவுக்குச் சேர்மன் வந்தார். வயதானவர், காதில் மிஷின். ஜி.எம். சுவிட்சைப் போட்டார். ஹால் பளிச்சென்றது. கூடவே அறுபது சோக்குகளும் ஒன்றாக 'ங்ங்ங்' என்று ஆரம்பித்தன. எங்களுக்கே காது கூசியது. சேர்மனுக்கு மிஷின் வழியாக எத்தனை மடங்கு கேட்டதோ, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டார்.

"தேன்கூடு! எங்கேயோ தேன்கூடு கலைஞ்சிருக்கு! எல்லாரும் வெளிய ஓடுங்க!"

கேக் வெட்டாமலே விழா தெருவுக்கு வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் சேர்மன், "எலெக்ட்ரீஷியன் ஒருத்தர்கூட இதச் சொல்லலையா?" என்று கேட்டார். ஜி.எம். தன் ஷூவைப் பார்த்தார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஒருத்தர் சொன்னார் சார். அனுப்பிட்டோம்" என்றேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜி.எம்.மும் நானும் மர்பி டவுனில் சோக்கண்ணாவின் வீட்டைத் தேடிப் போனோம். ஒரே அறை. கட்டிலில் அவர் அப்பா படுத்திருந்தார். சுவரில் ஒரு டியூப்லைட். அதிலிருந்து சத்தம் வந்தது. 'ங்ங்ங்'.

ஜி.எம். முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவர் அதை மறந்து, அங்கிருந்த ஸ்டூலில் ஏறி, சோக்கின்மேல் புறங்கையை வைத்தார்.

"சுடுது! ஏன் ரீ, ஊருக்கெல்லாம் விதி, உங்க வீட்டுக்கு இல்லயா?"

சோக்கண்ணா கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்பாக்குக் கண்ணு தெரியாது சார். இந்தச் சத்தம் கேட்டாதான் லைட்டு போட்டாச்சு, நான் வந்துட்டேன்னு நம்புவாரு. புதுசு மாட்டிப் பாத்தேன். ராத்திரி பூரா, 'இருட்டுல ஏன்டா உக்காந்துருக்கே'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. அடுத்த நாளே பழச மாட்டிட்டேன்."

ஜி.எம். மெதுவாக இறங்கினார். கட்டிலோரம் போய் உட்கார்ந்து, பெரியவரின் கையைப் பிடித்து, "உங்க பையன் நாளைக்கு வேலைக்கு வரணும், நீங்க சொல்லுங்க" என்றார்.

"அந்த மெமோ சார்?" என்றார் சோக்கண்ணா.

"அது சொக்கலிங்கத்துக்குக் குடுத்தது. உங்களுக்கு ஏன் கவலை?"

ஒரே வாரத்தில் அறுபதும் மாறின. ஒவ்வொன்றிலும் நட்சத்திர முத்திரை இருக்கிறதா என்று ஜி.எம்.மே ஸ்டூல் ஏறிப் பார்த்தார்.

அடுத்த வருஷம் சோக்கண்ணாவின் அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சோக்கண்ணா கையில் புதுச் சோக்கு. "ஸ்டூல கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா சார்?" என்றார். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, சுவிட்சைப் போடச் சொன்னார். விளக்கு சத்தமே இல்லாமல் எரிந்தது. வேலை முடிந்தும் அவர் இறங்கவில்லை. இறங்குங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.