ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போட்ட கையெழுத்து

மண்ணூர்,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் திரு. ராமன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சாரதாவின் கணவன் ஜெகநாதன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், சாரதா நலம், படப்பையில் மகள் சௌந்தர்யாவும் மாப்பிள்ளையும் நலம். மகன் ஹேமந்த் நிபந்தனை ஜாமீனில் நலம். தங்கள் நலத்தையும் அக்காவின் மூட்டுவலி எந்த மட்டில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவலாக உள்ளோம்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பீர்கள். நீங்கள் குடும்ப வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறி எட்டு மாதமாகிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். சாரதாவின் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் "ராங் நம்பர்" என்கிறீர்கள். அதனால்தான் பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். கையெழுத்து என்று எழுதும்போதே பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது. விஷயம் இதுதான்: வருகிற வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் ஹேமந்தின் ஜாமீனை ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். நீங்கள் வந்து அவனுக்கு ஜாமீன்தாரராக நின்றால் அவன் வீட்டில் இருப்பான். நிற்காவிட்டால் உள்ளே போவான்.

அவனைப் பற்றி உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் ஞாபகம் இருக்கும், அதுவும் கெட்ட நாள். அதனால் அவன் வரலாற்றை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தான், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தான், ஏழாவது மாதம் அவனையும் அவனோடு சேர்ந்த நாற்பது பேரையும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி கம்பெனி பஸ்ஸிலிருந்தே இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் போனில் டம்டம் என்று ஏதோ ஒரு சத்தத்தை வைத்து அதற்கு மேலே வேகவேகமாகப் பேச ஆரம்பித்தான். என்னடா இது என்று கேட்டேன், "ராப்புப்பா" என்றான். மெட்டு எங்கே என்று கேட்டேன். "மெட்டுலாம் கெடையாது, கோவம்தான்" என்றான். பெயரும் வைத்துக்கொண்டான், எம்.சி. ரிஜெக்ட் என்று. மச்சான், நான் பிரேக் டிரம் கம்பெனியில் இருபத்துநான்கு வருஷமாகத் தரம் பார்க்கிறவன். கோணலாக வந்த பீஸுக்கு ரிஜெக்ட் என்று சிவப்பு அட்டை கட்டி, சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் என் பிழைப்பு. வீட்டிலேயே ஒருவன் தனக்குத்தானே சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றால் பெற்றவன் எங்கே போய் முட்டிக்கொள்வது.

அவன் முதல் கச்சேரி சுங்குவார்சத்திரத்தில் ஒரு செல்போன் கடைத் திறப்புவிழாவில் நடந்தது. கேட்டவர்கள் எல்லாம் பஸ்ஸுக்கு நின்றவர்கள், பஸ் வந்ததும் போய்விட்டார்கள். சன்மானமாக ஒரு போன் கவர் கொடுத்தார்கள், அதுவும் வேறு மாடலுக்கு. இரண்டாவது, மணிமங்கலம் பக்கத்தில் ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழா. அண்டா காலியாகும் வரை நல்ல கூட்டம் இருந்ததாகச் சொன்னான். மூன்றாவதுதான் தங்கள் அறுபதாம் கல்யாணம். அதைப் பற்றி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதாமல் தீராது. உங்கள் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். சௌந்தர்யா கல்யாணத்துக்கு நீங்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தீர்கள். பின்பக்கம் "ஜெகநாதன் – சாரதா அன்பளிப்பு" என்று என் எழுத்திலேயே இருந்தது. இதெல்லாம் எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறதுதான், நாங்கள் ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாவி மண்டபத்தில் மைக்கைப் பிடுங்கி,

"கிரகப்பிரவேசம் போன கடியாரம்
கல்யாணத்துக்குத் திரும்பி வந்துச்சு,
முள்ளு ரெண்டும் சுத்துறது பத்தாதுன்னு
கடியாரமே ஊரச் சுத்துச்சு"

என்று பாடிவிட்டான். நாதஸ்வரக்காரர் சிரித்ததில் சீவாளி வாயிலிருந்து விழுந்தது. உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து நானே முதல் ஆளாக மேடையேறி அவன் சட்டையைப் பிடித்து இறக்கியது தங்களுக்கு நினைவிருக்கும். அவனுக்கு இப்படிப்பட்ட வார்த்தைகள் எங்கிருந்துதான் வருகின்றனவோ, எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் கிடையாது.

இப்போது கேஸுக்கு வருகிறேன். எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆடிட் பார்க்க வரும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. காலையில் வேனில் பூந்தொட்டிகள் வந்து இறங்கும், எல்லாம் வாடகைச் செடி. கழிவறையில் சோப்பு வரும், காண்டீனில் ஆளுக்கொரு ஆப்பிள் வரும், ஏசி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். வந்தவர் காரில் ஏறியதும் செடிகள் வேனில் ஏறிவிடும். சோப்பைத் திருப்பி எடுக்கத் தனியாக ஒரு ஆள் வருவார், பாதி கரைந்திருந்தாலும் எடுத்துப்போவார். இந்தப் பையன் இதைப் பாட்டாக்கிவிட்டான்.

"ஆடிட்டு வந்தா சோப்பு வருது,
ஆளுக்கு ஒண்ணா ஆப்பிள் வருது,
வேன்ல ஏறி பூந்தொட்டி வருது,
வந்த வேன்லயே திரும்பிப் போவுது.
செடிக்குக்கூட ஷிப்ட் முடியுது,
எனக்கு மட்டும் ஓ.டி. கீது."

சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், கடைசி இரண்டு வரி கொஞ்சம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஷிப்ட் பஸ்ஸில் யாரோ போனில் போட்டார்கள். அதுவரை கத்திக்கொண்டு வந்த பஸ் அந்த இரண்டு வரிக்கு அப்படியே அடங்கிப்போயிற்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாடினதோடு விட்டானா, அந்த வீடியோவை எங்கள் கம்பெனி கேட் முன்னாலேயே வாடகைக்கு ஆறு பூந்தொட்டி எடுத்து வைத்துப் பிடித்தான். ஷிப்ட் மாறும் நேரம், பதினோரு பஸ் வரிசையாக நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள், வழியை மறித்தது, அவதூறு, கம்பெனி ரகசியத்தை வெளியிட்டது என்று நீளமாக ஒரு பட்டியல். இன்ஸ்பெக்டர் அவனை நிற்க வைத்து, "டேய், நீ வேல பாத்தது வேற கம்பெனி. இந்த கம்பெனி உள்ள நீ கால்கூட வெச்சதில்ல. செடி வாடகைன்னு உனுக்கு யார்ரா சொன்னது? உள்ள இருந்து எழுதிக் குடுத்தவன் யாரு?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார், கற்பன" என்றான். "சோப்ப எடுக்க ஆள் வர்றதுமா கற்பன?" "ஆமா சார், எனக்கு கற்பன கொஞ்சம் ஜாஸ்தி." பிறகு இன்ஸ்பெக்டர் பாட்டைப் புகாரில் சேர்ப்பதற்காக உரக்கப் படித்தார். பத்திரம் படிப்பது போல ஒரே மூச்சில் படித்துக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், 'முடியுது'ன்ற எடத்துல கொஞ்சம் நிறுத்திப் படிக்கணும்" என்றேன். அவர் நிமிர்ந்து, "நீங்க யாரு?" என்றார். "அப்பா சார்" என்றேன். 

மூன்று நாள் உள்ளே இருந்தான். அந்த மூன்று நாளும் சாரதா அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள், மிஞ்சியதை யாரும் தொடவில்லை. பிறகு எங்கள் வக்கீல் சுகப்பிரியா, சௌந்தர்யா வயதுதான் இருக்கும், கெட்டிக்காரப் பெண், ஜாமீன் வாங்கிக் கொடுத்தாள். என் லைனில் வேலை பார்க்கும் தாவீதும் நானும் ஜாமீன் நின்றோம். நிபந்தனை என்னவென்றால் முப்பது நாளைக்குத் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். சுங்குவார்சத்திரத்தில் பத்துப் பேர்கூட நிற்காதவனுக்கு ஸ்டேஷன் வாசலில் நூறு பேர் நின்றார்கள். நைட் ஷிப்ட் முடிந்த பையன்கள் அடையாள அட்டையோடு வந்து அவனோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எதிர் டீக்கடைக்காரர் கூடுதலாக ஒரு பெஞ்சே வாங்கிப் போட்டார்.

ஒன்பதாம் நாள் அவனுக்கு நெருப்பாகக் காய்ச்சல். எனக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், காலையில் சும்மாதான் இருந்தேன். ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன், சத்தியமாகச் சொல்கிறேன். அங்கே ரைட்டர் கங்கா ஏதோ நகைச் சண்டைப் பஞ்சாயத்தில் மூழ்கியிருந்தார். ரெஜிஸ்டர் மேசைமேல் திறந்து கிடந்தது. ஹேமந்தின் பெயர், பக்கத்தில் வெறும் கட்டம். மச்சான், வெறும் கட்டத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. எங்கள் லைனில் மணிக்கு ஒரு தரம் பீஸை அளந்து செக் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. யார் அப்படிப் போடுகிறார்கள்? டீ வரும்போது எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே இழுப்பில் போட்டுவிடுவோம், வராத ஆளுக்கும் சேர்த்துப் போடுவோம். அந்தப் பழக்கம். அன்றைய கட்டத்தில் ஹேமந்த் என்று போட்டேன். பேனா நிற்கவில்லை. அடுத்தடுத்த கட்டத்திலும் போட்டு, ஓரத்தில் "ஓகே" என்று எழுதி, ஒரு வட்டமும் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டு அவன் போய் நின்றபோது கங்கா ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டி, "இன்னா தம்பி, ஞாயித்துக்கெழம வரைக்கும் வந்து கையெழுத்து போட்டுட்டுப் பூட்டியே, இன்னிக்கு இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டிருக்கிறார். அவன் ஒரு நிமிஷம் அந்த எழுத்தைப் பார்த்தானாம். பிறகு, "நான்தான்க்கா போட்டேன், டெய்லி வர சோம்பேறித்தனம்" என்றானாம். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு போய்விட்டது. தாவீது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெகா, வூட்ல ஒத்துக்க மாட்றாங்கபா, தப்பா நெனைக்காத" என்று கழன்றுகொண்டார். சுகப்பிரியா சொல்கிறாள், "அங்கிள், இனிமே உங்க கம்பெனி ஆள் வேணாம். கவர்ன்மெண்ட்ல ரிட்டையர் ஆனவரா, சொந்த வூடு இருக்கறவரா ஒருத்தரக் கூட்டிகினு வாங்க. ஜட்ஜ் கொஞ்சம் எறங்கி வருவாங்க."

அப்படி எங்களுக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் உங்கள் எதிரில்தான் ஊரே கையெழுத்துப் போட்டது. வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ, இவற்றோடு வந்தால் போதும். அவன் கடிகாரத்தைப் பற்றிப் பாடியதற்கு அவன் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பெற்ற குற்றத்துக்கு நான் என்ன செய்ய முடியும், அவன் வாய் அப்படி.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பேரக் குழந்தைகள் நோய்நொடியில்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
ஜெகநாதன்.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை காலை: மச்சான், மேலே படித்ததில் பாதியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கவரை ஒட்டுவதற்கு முன்னால் சாரதா இதை வாங்கிப் படித்தாள். பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து என் முன்னால் கவிழ்த்தாள். எல்லாம் கம்பெனியின் பழைய செக் ஷீட். முன்பக்கம் வரிசையாக ஓகே. பின்பக்கம் டீ இடைவேளையில் பன்னிரண்டு வருஷமாக நான் எழுதியவை. "எங்கண்ணனுக்காவது உண்மைய எழுதுங்க" என்றாள். செடிப் பாட்டு என்னுடையது. சோப்பு எடுக்கிறவர் என்னுடையவர். வேலை போன அந்த வாரமே ஹேமந்த் இந்தப் பையைக் கண்டுபிடித்துப் பாடட்டுமா என்று கேட்டான், என் பெயர் வரக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் தேடும் உள்ளே இருக்கும் ஆள் நான்தான்.

இன்று காலை அவனிடம், "வியாழக்கிழம நான் சொல்லிடறேன்டா" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "கம்முனு இருப்பா. நீ ரிட்டையர் ஆவ இன்னும் பதினாலு மாசம் கீது. எனக்கு இன்னா, நான் ஏற்கெனவே ரிஜெக்ட்தானே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடக் கிளம்பிப் போனான்.  இருபத்துநான்கு வருஷத்தில் நல்ல பீஸ் ஒன்றைக்கூட நான் சிவப்புத் தொட்டியில் போட்டதில்லை, மச்சான். போட்டது இது ஒன்றுதான்.

வியாழக்கிழமை கோர்ட்டில் எழுந்து நின்று பாட்டும் என்னுடையது, ரெஜிஸ்டரில் இருக்கும் கையெழுத்தும் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். ஆகவே நீங்கள் வீட்டு வரி ரசீதோடு வாருங்கள், ஆனால் ஜாமீன் படிவத்தில் ஹேமந்த் என்று எழுதும் இடத்தில் என் பெயரை எழுத வேண்டியிருக்கும்.

கடிகாரப் பாட்டும் நான் எழுதியதுதான். இதைக் கோர்ட்டில் சொல்ல மாட்டேன், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கடிகாரம் எங்கள் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது, ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகாமல் நன்றாக ஓடுகிறது. பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துவிடுங்கள்.