கூரைமேல் கிடக்கும் வேம்பும் மச்சான் தந்த பெற்றோல் வாளும்

யேசு மரி சூசை துணை

பாலையூற்று,
திருகோணமலை.
27.9.1976

அன்புள்ள என்று எழுதும் பழக்கத்தை இந்த வயதில் விட முடியாதபடியால், அன்புள்ள மச்சான் கிறிஸ்தோபருக்கு,

உமது அக்காவின் கணவன் யேசுரட்ணம் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம் என்று தொடங்குவது மரியாதை. ஆகவே நான் சுகம், உமது அக்கா ஐவி சுகம், கோழிகள் சுகம், கிணறு சுகம். மூலை அறை மட்டும் சுகமில்லை. அதற்குக் கூரை இல்லை. கூரை இருந்த இடத்தில் வேப்பமரம் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. கடலில் திரியும் நீரும் உமது கப்பலும் எந்தக் குறையுமின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை நீர் உயிரோடு இருக்கவேண்டும்.

அந்த வேம்பு போன மாரியில் வேர் இளகி வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அக்கா உமக்கு எழுதினா. மரம் வெட்டத் தெரிந்த ஒரு ஆளைப் பிடித்துத் தரும்படிதான் எழுதினா. நீர் உயிர்த்த ஞாயிறுக்கு லீவில் வந்தபோது ஆளைக் கொண்டுவரவில்லை, பலகைப் பெட்டிக்குள் மரம் அறுக்கும் ஒரு பெற்றோல் வாளைக் கொண்டுவந்தீர். முற்றத்தில் வைத்து ஒருதரம் அதை ஓடவைக்கும் கயிற்றை இழுத்தீர். அது போட்ட சத்தத்தில் கோழிகள் பக்கத்து வளவுக்குப் பறந்தன, ஒழுங்கைச் சனம் முழுதும் எங்கள் படலை வாசலில் வந்து நின்றது. அத்துடன் செய்து காட்டியது முடிந்தது என்று கணவாய்க் கறிக்கு முன்னால் போய்க் குந்திவிட்டீர். சாப்பாடும் சாராயமும் முடிந்த பிறகு பெட்டிக்குள் கிடந்த புத்தகத்தை எடுத்தீர். அது சுவீடன் பாஷை. அந்தப் பாஷையில் உமக்கு எண்ணெய்க்கும் நன்றிக்கும் மட்டுமே சொல் தெரியும் என்று நீரே சொன்னீர். ஆனாலும் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பாதுகாப்பு விதிகள் பன்னிரண்டு சொன்னீர், நான் அவற்றைக் கொப்பியில் எழுதினேன். துறைமுகக் களஞ்சியத்தில் இருபத்தொன்பது வருடம் காவலாக இருந்தவன் நான். ஒரு தீப்பெட்டி என்னைத் தாண்டி உள்ளே போனதில்லை. எழுதிய விதி எனக்கு வேதம். அந்த நம்பிக்கையைத்தான் நீர் கெடுத்தீர். மறுநாள் றெயிலேறிப் போய்விட்டீர்.

நான் ஏன் அவசரப்பட்டேன் என்று கேட்பீர். மன்னாரில் வாழும் எங்கள் ஒரே மகள் இன்பமலர் ஐப்பசிக் கடைசியில் முதல் பிள்ளையைப் பெறப்போகிறாள். தாய் வீட்டில்தான் பிள்ளைப்பேறு. காற்று வருகிற அறை அந்த மூலை அறை ஒன்றுதான், வேம்பு சாய்ந்து நின்றதும் அதன் மேல்தான். மாரி தொடங்க ஒரு மாதம்கூட இல்லை. என் பிள்ளையும் அதன் பிள்ளையும் அந்த மரத்தின் கீழ் படுத்திருக்க, காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும் நான் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஆகவே போன கிழமை அந்த வாள் மிசினை வெளியே எடுத்தோம். எங்கள் பக்கத்தில் புது வள்ளம் இறக்கினாலும் புது எஞ்சின் பூட்டினாலும் பங்குச் சுவாமியார் வந்து மந்திரிக்காமல் யாரும் தொடுவதில்லை என்பது உமக்குத் தெரியும். சுவாமியார் வந்தார். உமது ஆறாவது விதி, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து பெற்றோல் விடவேண்டும் என்கிறது. நான் விதிப்படி மூடியைத் திறந்துவிட்டு, பெற்றோலோடு எண்ணெயைக் கலந்துகொண்டு நின்றேன். சுவாமியார் தாராள மனதுக்காரர், தீர்த்தத்தை அள்ளித் தெளித்தார். அதன் பிறகு கயிற்றை நாற்பது தரம் இழுத்தேன். மிசின் இருமக்கூட இல்லை. பக்கத்து வளவு ஆதம்பாவா வந்து குனிந்து பார்த்தார்.

"ஐயா, இதுக்குள்ள தண்ணி நிக்குது."

"அது தண்ணியில்லை, தீர்த்தம்" என்றேன்.

"அது எஞ்சினுக்குத் தெரியுமா ஐயா?"

பிறகு அதை வடித்து எடுத்தோம். தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் ஊற்றக்கூடாது, ஆகவே சுரூபத்தின் முன் வைக்கவேண்டும் என்றா உமது அக்கா. பெற்றோலை மெழுகுதிரிக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது என்றேன் நான். இரண்டும் ஒரே போத்தலுக்குள் நிற்கிறது. இதற்கு உமது பன்னிரண்டு விதிகளில் ஒரு விதி இருக்கிறதா? மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு போத்தல் இப்போது கிணற்றுக்கட்டில் இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

சனிக்கிழமை காலை வெட்டத் தொடங்கினோம். சாரம் கட்டினால் வாளின் சங்கிலியில் சிக்கும், உடம்போடு ஒட்டிய உடுப்புத்தான் போடவேண்டும் என்று சொன்னீர். என்னிடம் அப்படிப்பட்ட உடுப்பு கலியாணத்துக்குத் தைத்த கோட்டும் காற்சட்டையும் மட்டுமே. காற்சட்டையின் இடுப்புத் தெறியை வயிறு பூட்ட விடாமல், ஆதம்பாவாவின் மனைவி பரீனா தந்த ஊசியைக் குத்திக்கொண்டேன். தலைக்கு அலுமினியச் சட்டி, காதுக்குப் பஞ்சு. இந்தக் கோலத்தில், மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு யாரும் நிற்கக்கூடாது என்ற ஏழாவது விதிப்படி, வீடு வீடாகப் போய் ஆட்களை எழுப்பி அனுப்பினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் திரும்பி நடந்த பிறகு சிரித்தார்கள்.

மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தபடியால் அதை எதிர்ப்பக்கம், வெறும் வளவுக்குள், இழுத்து விழுத்தவேண்டும். அதற்கு ஆதம்பாவா ஒரு வழி சொன்னார். அவருடைய சொந்தக்காரர் ஸைனுலாப்தீன் இறக்கக்கண்டியில் கரைவலை வைத்திருக்கிறார், கரையில் நின்று அந்த வலையை இழுக்கிறவர்கள் பதினாலு பேர்.

"நம்மட ஆக்கள் கயித்தில கை வச்சா கப்பலும் கரைக்கு வரும் ஐயா. நீங்க வெட்டுற வேலையை மட்டும் பாருங்க" என்றார்.

பதினாலு பேரும் வந்தார்கள். மரத்தின் உச்சியில் இரண்டு நீளக் கயிறு கட்டி, ஏழு பேரை அந்தப் பக்கத்திலும் ஏழு பேரை இந்தப் பக்கத்திலும் தூரத்தில் நிறுத்தினேன். மரம் நடுவில் விழவேண்டும். எல்லோருக்கும் விதிகளை உரத்து வாசித்தேன். ஸைனுலாப்தீன் நெஞ்சில் கைவைத்து, எல்லாம் விளங்கியது என்றார். நான் மிசினின் கயிற்றை இழுத்தேன், அது பிடித்தது, மச்சான், அந்த நிமிடம் உம்மை மனதுக்குள் வாழ்த்தினேன். அதைத் திருப்பித் தாரும்.

கரைவலை இழுப்பதை நீர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கடைசியில் நிற்கிறவன் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் ஓடிவந்து, எல்லோருக்கும் முன்னால் பிடிப்பான். வலை கிட்ட வர வர, இரண்டு கரையில் நிற்கிறவர்களும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து, கடைசியில் நடுவில் ஒன்றாக நிற்பார்கள். அது அவர்களுடைய கைகால்களின் பழக்கம். கடலில் கயிறு வரும், மரத்தில் கயிறு வராது. கயிறு வராத இடத்தில் இவர்கள் ஏலேலோ பாடிப் பாடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மரத்தை நோக்கி வந்தார்கள், வர வர நடுவுக்கும் வந்தார்கள். நான் காதில் பஞ்சோடு, வெட்டில் கண் வைத்து நிற்கிறேன். கடைசி வெட்டுக்கு முன் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்ற பதினோராவது விதிப்படி நிமிர்ந்தேன். பதினாலு பேரும் மரம் விழவேண்டிய இடத்தில், ஒரே கூட்டமாக, எனக்கு முன்னால் நிற்கிறார்கள்.

உடனே மிசினை நிற்பாட்டினேன். ஓடு என்று கத்தினால் பாட்டுச் சத்தத்தில் கேட்காது என்று தோளில் கிடந்த துவாயை எடுத்து வீசினேன். அதுதான் பிழை. கரையில் ஒருவர் துண்டை வீசினால் மீன் தப்புகிறது, கெதியாய் இழு என்று அவர்களுக்கு அர்த்தம். பதினாலு பேரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். மரம் முறிகிற சத்தம் எனக்குப் பஞ்சையும் தாண்டிக் கேட்டது. வேலிக்கு அப்பால் நின்ற பரீனா "அல்லாஹ்! ஓடுங்க!" என்று கத்தினாள். அதைக் கேட்டுக் கயிற்றைப் போட்டுவிட்டு எல்லோரும் சிதறி ஓடினார்கள். இழுக்க ஆளில்லாத மரம், அரை நிமிடம் யோசித்தது, பிறகு தன் பழைய சாய்வுக்கே திரும்பி மூலை அறையின் மேல் போய்ப் படுத்தது.

நான் கூரையைப் பார்க்கவில்லை, மச்சான். தலைகளை எண்ணினேன். பதினாலு இருந்தது. நம்பாமல் திரும்பவும் எண்ணினேன். மூன்றாம் முறை எண்ணும்போது ஸைனுலாப்தீன் என் கையைப் பிடித்து, "எல்லாரும் இருக்கம் வாப்பா, நீங்க இருங்க" என்று கதிரையில் இருத்தினார். அவர் என்னைவிட மூத்தவர், என்னை அப்பா என்கிறார்.

இப்போது சொல்லும். கயிறு இழுக்கிறவனுக்கு என்ன செய்வது என்று நீர் ஏன் ஒரு விதியும் சொல்லவில்லை? சுவீடனில் கரைவலை இல்லையா? மகள் வந்து இறங்க மூன்று கிழமை இருக்கிறது, அவள் படுக்கவேண்டிய கட்டிலில் கூரை ஓடும் வேப்பங்கொப்பும் கிடக்கிறது. தங்கள் வீட்டு முன் அறையை ஒதுக்கித் தருகிறேன் என்று பரீனா சொல்கிறாள், நல்ல மனுசி, ஆனால் என் மகளை என் வீட்டில் படுக்கவைக்க எனக்கு ஏலாமல் போய்விட்டதே. உமது அக்காவோ உம்மைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விடுகிறாவில்லை.

"தம்பி நல்லதுக்குத்தானே தந்தவன். நீங்கள் ஏனப்பா அவனோடை கோவிக்கிறியள்?"

"அப்ப நான் கெட்டதுக்கே வெட்டினனான்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிறா. அவ சொல்லாததுதான் எனக்குக் கூடச் சுடுகிறது.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். மிசினை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பூட்டின் திறப்பைத் துறைமுகத்துக்குள் எறிவேன். இனி நீர் என் படலையைத் திறக்கவேண்டாம். நீர் சொன்ன பன்னிரண்டு விதிகளையும், அதில் ஒன்றையும் நான் மீறவில்லை என்பதற்குச் சாட்சியாக, கொப்பியிலிருந்து கிழித்து இத்துடன் வைக்கிறேன். வாசித்து வெட்கப்படும்.

ஆண்டவர் உம்மைக் கடலிலும் கரையிலும் காப்பாராக. கப்பலில் உள்ளவர்களுக்கு எங்கள் தோத்திரம். உமது அக்கா முத்தம் அனுப்புகிறா, நான் தடுக்கவில்லை.

இப்படிக்கு,
மன வருத்தத்துடன்,
அத்தான் யேசுரட்ணம்

பி.கு.: விதித் தாளை மடித்து உறைக்குள் வைக்கும்போது அதன் பின்பக்கம் கண்ணில் பட்டது. அங்கே, நீர் சொல்லச் சொல்ல நான் எழுதியது, என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "பதின்மூன்று. எல்லாத்துக்கும் முதல் எழுதவேண்டியது இது. அத்தான், நான் வருமட்டும் மிசினைத் தொடாதையுங்கோ. ஒக்டோபர் பத்தாம் திகதி லீவெடுத்து வாறன். பிள்ளை வர முதல் மரத்தை நானே வெட்டித் தாறன். நீங்கள் கொப்பியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ." அதன் கீழே, களஞ்சியத்தில் எல்லோரிடமும் நான் வாங்குவது போலவே, "வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருக்கிறேன். தாளைத் திருப்பிப் பார்க்காத குற்றத்துக்கு நான் எத்தனையோ பேரை மூன்று நாள் வேலையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். தோளுக்கு மேலால் எட்டி வாசித்த ஐவி அலுமாரித் திறப்பை எடுத்து மேசையில் வைத்தா. எழுதியதை வெட்டித் திருத்துவது களஞ்சியத்தில் வழக்கமில்லாதபடியால் கடிதம் இருந்தபடியே வருகிறது, எழுதாததாக எண்ணி வாசியும். விதித் தாளை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக அந்தத் திறப்பு இத்துடன். நீர் வந்து மரத்தைக் கூரையிலிருந்து வெட்டி இறக்க இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது, படலை திறந்தே கிடக்கும். நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.