கறுப்பு வெள்ளையில் ஒரு சாமத்தியவீடு

கணினியில் லக்ஷனாவின் சாமத்தியவீடு கறுப்பு வெள்ளையாக ஓடியது. வீடியோக் கடை வைத்திருக்கும் தவரத்தினம் திரையைத் துடைத்தார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். பூப்பு நீராட்டில் பிள்ளையின் தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் சாம்பலாகவே வழிந்தது.

தேத்தண்ணியோடு வந்த மனைவி வதனா எட்டிப் பார்த்தாள்.

"ஆரின்ரை செத்தவீடு?"

"கோசலை அக்காவின்ரை மகளின்ரை சாமத்தியவீடு."

"எடுக்கேக்கை கமராவைப் பாக்கேல்லையோ?"

பார்த்திருந்தால் இந்தக் கதை எதற்கு? தாங்கியை விரிக்கும்வரை கமராவைப் பிள்ளையிடமே பிடிக்கக் கொடுத்தார். வாங்கி மேடைக்கு முன்னால் பூட்டினார். பொத்தானை அமத்திவிட்டு முதல் பந்திக்கு ஓடினார். இரண்டாம் பாயசம் முடிந்துதான் எழும்பினார். வடை ஐந்து என்கிறார்கள். நான் கண்டது நாலு.

"திருப்பி எடுத்தால் என்ன?" என்றார்.

"பிள்ளை திருப்பிப் பெரியபிள்ளையாகுமோ?"

நிறம் பூசும் செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தார். கோசலையின் முகம் கத்தரிக்காய் நிறமானது. ஆரத்தி எடுத்த மாமி முழு நீலம். கையில் புல்லாங்குழல் ஒன்றுதான் குறை. அதை அழித்துவிட்டுத் திரும்பினால், கடை வாசலில் கோசலை நிற்கிறாள்.

பத்து விநாடி பார்த்தாள்.

"தம்பி, இதென்ன செத்தவீட்டு அந்தியேட்டி வீடியோ மாதிரி? ஆருக்குக் காட்டுறது இதை? அலுமாரிக்குள்ளைதான் வைக்கவேணும்."

உண்மையைச் சொன்னால் பாயசத்தையும் சொல்லவேண்டும். பிறகு தமிழ்க் கடைத்தெருவான ரூ லூயி-பிளாங்கில் அவரை யார் கூப்பிடுவார்கள்?

"அக்கா, பிரெஞ்சுக்காரர் பெரிய இடத்துக் கலியாணங்களை இப்ப இப்பிடித்தான் எடுக்கினம். கலரிலை எல்லாரும்தானே எடுக்கினம்."

கோசலை யோசித்தாள். தன் மகளைச் சாமத்தியவீட்டு மண்டபத்தில் குதிரை வண்டியில் இறக்கிய சிவாஜினி அவளுக்குச் சொந்த மச்சாள்.

"சிவாஜினி வீட்டு வீடியோ?"

"அது கலர்."

"அப்ப சரி" என்றாள் கோசலை. முகம் மலர்ந்துவிட்டது. "வாற மாதம் பிள்ளையின்ரை பிறந்தநாள். மண்டபத்திலை பெரிய திரையிலை போடுவம். உங்களுக்கு ஒரு பொன்னாடையும்."

"ஐயோ, பொன்னாடை வேண்டாம் அக்கா."

"கூச்சப்படாதேங்கோ."

பிறந்தநாளன்று மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ பக்கத்து மண்டபத்தில் இருநூறு பேர். லக்ஷனாவின் வகுப்புப் பிள்ளைகள் ஷார்லோத்தும் அலெக்சாந்த்ரும் முன்வரிசையில். சுவர் அளவு திரையில் லக்ஷனா நனைந்தாள், நடுங்கினாள், மூக்கால் தண்ணீர் விட்டாள். அலெக்சாந்த்ர் கண் வெட்டாமல் பார்த்தான். கோசலை நடுவில் நின்று, "பிரெஞ்சு ஸ்டைல்" என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

தவரத்தினத்தின் தோளில் சிவப்புப் பொன்னாடை ஏறியது. அந்த மாலையில் நிறமாக இருந்தது அதுவும் அவருடைய காதுகளும்தான். கைதட்டலுக்குள் மூன்று தாய்மார் அவரை மறித்தார்கள்.

"எங்கடை பிள்ளைக்கும் கறுப்பு வெள்ளைதான் அண்ணை. சொல்லிப்போட்டன்" என்றாள் அஜந்தா. மற்ற இருவரும் நாளே குறித்துவிட்டார்கள். கடைசியாக வந்தது சிவாஜினி.

"எனக்கேன் கலரிலை எடுத்தனீங்கள்? நாங்கள் என்ன குறைஞ்ச ஆக்களோ?"

பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினார். மேலங்கிகள் தொங்கும் நடையில் லக்ஷனா தனியாக நின்றாள், முகத்தை யாரோ ஒருவரின் கம்பளிக் கோட்டுக்குள் புதைத்தபடி. உள்ளே திரையில் அவள் தலையில் திரும்ப முதலிலிருந்து ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். கேட்டவர்களுக்காக இரண்டாம் தரம் போடுகிறார்களாம்.

யாரிடமாவது சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று அவருக்குப் பட்டது. சின்னப்பிள்ளைதானே.

"பிள்ளை, அது ஸ்டைலுமில்லை ஒண்டுமில்லை. நான் சாப்பிடப் போயிட்டன். கமரா கறுப்பு வெள்ளையிலை நிண்டதைக் கவனிக்கேல்லை."

தாய்க்குக்கூடப் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை, கோட்டுக்குள்ளிருந்து முகத்தை எடுத்து, அவருக்குத் தமிழில் சொன்னாள்:

"தெரியும் அங்கிள். மாத்தினது நான்தான். செத்தவீடு மாதிரி இருந்தால் அம்மா வெக்கத்திலை ஒருத்தருக்கும் காட்டமாட்டா எண்டு நினைச்சன்."