ஐந்தாவது குழுவின் தூண்

மேடை ஏற இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. ஐந்தாவது குழு எந்தப் பாட்டை வாசிப்பது என்றே இன்னும் முடிவு செய்யவில்லை.

"உங்க இஷ்டம்தான்," என்றார் பாஞ்சோ வைத்திருந்த கார்லண்ட்.

"ஐயோ, எனக்கென்னங்க, நீங்க எல்லாம் சொல்றதுதான்," என்றாள் கிதாரோடு வந்திருந்த கோரா.

மாண்டலின்காரன் டுவேன் தன் பூட்ஸைப் பார்த்தான். தன்னைவிட உயரமான பேஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்த அய்வி கொஞ்சம் கொஞ்சமாக அதன் பின்னால் மறைந்துகொண்டிருந்தாள்.

நெல்டா பிடிலை மடியில் வைத்துக்கொண்டு ஓக் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அரை மணி நேரமாக இதே மரியாதைதான் நடக்கிறது.

அவளால் ஒரு வார்த்தையில் இதை முடித்துவிட முடியும். ஆனால் முடிக்கக் கூடாது. அவள் தூண்.

புளூகிராஸ் என்னும் மலைநாட்டு இசை விழாவுக்கு முன்னால் நடக்கும் பயிற்சி முகாமில் கடைசியில் மாணவர்களைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். வாத்தியத்துக்கு ஒரு தொப்பி வைத்து, பதிவுக் கூடாரத்து ட்ரினா பெயர்ச் சீட்டு எடுப்பாள். முன்பின் தெரியாத ஐந்து பேர் ஒரு குழுவாகி, மறுநாள் விழாவின் பெரிய மேடையில், டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். போன வருஷம் ஒரு குழு பாதியில் அழுதுவிட்டது. அதனால் முகாமை நடத்தும் வெண்டல் இந்த வருஷம் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார். குழுவுக்கு ஒருவராக, நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் மாணவர் போலவே கலந்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் தூண் என்று பெயர்.

"தூண் கூரையைத் தாங்கணும். ஆனா கூரைக்கு அது தெரியக் கூடாது," என்று அவர் நெல்டாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "முந்திக்கிட்டு வாசிக்காதே. தலைமை எடுக்காதே. குழுவுல ரொம்ப மோசமா வாசிக்கறது யாருன்னு பாரு. அவங்களுக்கும் ஒரு படி கீழ நின்னு தோள் குடு. அப்பத்தான் அவங்களுக்குத் தைரியம் வரும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. இதை ஒழுங்கா செஞ்சா அடுத்த வருஷம் நீ இங்க ஆசிரியர்."

ஆசிரியர். மூன்று வருஷம் கேட்டுக் கிடைக்காதது. கோழி வெட்டும் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் நெல்டா மறுநாளே மேற்பார்வையாளரிடம் போய், "அடுத்த கோடையில எனக்கு லீவு வேணும், பாடம் நடத்தப் போறேன்," என்று சொல்லிவிட்டாள். "கோழிக்கா?" என்று அவர் கேட்டதில் வேலை வரிசை முழுக்கச் சிரித்தது. இனி திரும்பிப் போய் ஒன்றுமில்லை என்று சொல்வதைவிட ஆற்றில் குதிக்கலாம்.

அந்த யோசனையில்தான் அவளுக்குப் பாட்டு தோன்றியது. காதலன் லவீனியா என்ற பெண்ணை ஆற்றில் தள்ளிவிடும் பாட்டு. இந்த மலைகளில் பல் முளைப்பதற்குள் எல்லோரும் கேட்டுவிடுவது. கிதாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும்.

"லவீனியா பாட்டு... யாருக்காவது தெரியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கேட்ட மாதிரி இருக்கு," என்றார் கார்லண்ட்.

"முயற்சி பண்றேன்," என்றாள் கோரா.

யார் தொடங்குவது என்பதில் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. கடைசியில் நெல்டாவே வில்லை எடுத்தாள். நன்றாகத் தொடங்கினால் பயந்துவிடுவார்களே என்று இரண்டாவது வரியில் வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தவறவிட்டாள்.

உடனே கார்லண்டின் விரல் சறுக்கியது. டுவேனின் கையிலிருந்து மீட்டுகோல் விழுந்தது. கோரா தவறான பிடியைப் பிடித்து, "ஐயோ, மன்னிச்சிடுங்க," என்றாள். அய்வி வாசிப்பதையே நிறுத்திவிட்டாள்.

"பரவாயில்ல கண்ணு, எனக்கும் இப்படித்தான் ஆகும்," என்று கார்லண்ட் நெல்டாவுக்கு ஆறுதல் சொன்னார்.

இவர்களுக்கும் ஒரு படி கீழே என்றால் எங்கே போய் நிற்பது?

வேகம்தான் பிரச்சினை என்று நினைத்தாள். அடுத்த முறை மெதுவாகத் தொடங்கினாள். மற்றவர்கள் அதைவிட மெதுவாகச் சேர்ந்துகொண்டார்கள். அவள் அவர்களுக்காக இன்னும் குறைத்தாள். அவர்கள் அவளுக்காக இன்னும் குறைத்தார்கள். லவீனியா ஆற்றங்கரைக்கு வந்து சேர்வதற்குள் டுவேன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டான்.

"இப்படி நிதானமா வாசிச்சா அர்த்தம் நல்லா புரியுது," என்றாள் கோரா அன்பாக.

அடுத்தது தனி. ஒரு சரணம் முடிந்ததும் யாராவது ஒருவர் தனியாக மெட்டை வாசிக்க வேண்டும். யார் என்பதைத் தலையசைத்துக் காட்டுவார்கள். நெல்டா டுவேனைப் பார்த்துத் தலையசைத்தாள். டுவேன் பதறிப்போய்க் கார்லண்டைப் பார்த்துத் தலையசைத்தான். கார்லண்ட் கோராவைப் பார்த்தார். கோரா நெல்டாவைப் பார்த்தாள். இப்படியே தலையசைப்பு வட்டமாகச் சுற்றிவர, மெட்டில்லாத தாளம் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றாள் நெல்டா. "முன்னாடியே பிரிச்சுக்கலாம். டுவேன், முதல் தனி உனக்கு."

"எனக்கு எதுக்குக்கா? கார்லண்ட் அண்ணனுக்குக் குடுங்க. பாவம், ஆசையா வந்திருக்காரு."

"நான் கிழவன்டா. கோரா அம்மாவுக்குக் குடு."

"சின்னப் பொண்ணு இருக்கப்ப நான் எதுக்குங்க? அய்விக்குக் குடுங்க."

எல்லோரும் பேஸைப் பார்த்தார்கள். அதன் பின்னாலிருந்து, "நான் வேண்டாம்னு சொன்னா உங்களுக்கெல்லாம் வருத்தமா இருக்குமா?" என்று ஒரு குரல் வந்தது.

"அதெல்லாம் நீ பிரமாதமா வாசிப்ப தாயி," என்றார் கார்லண்ட்.

அப்படித்தான் அந்தப் பாட்டின் ஒரே தனி பேஸுக்குப் போனது. அய்வி இரண்டே சுரங்களை மாற்றி மாற்றி வாசித்தாள். பக்கத்துக் கொட்டகையில் யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. முடிந்ததும் நான்கு பேரும் கைதட்டினார்கள்.

வேறு வழியில்லாமல் நெல்டா வெண்டலைத் தேடிப் போனாள். அவர் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டருக்கு அடியில் படுத்திருந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நேற்றிலிருந்து அவரை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை.

"வெண்டல், நான் நெல்டா. என் குழு ரொம்ப... ரொம்ப மோசம்."

"எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க," என்றன கால்கள். "நீ என்ன பண்ற?"

"ஒரு படி கீழதான் நிக்கிறேன்."

"பத்தலைன்னு அர்த்தம். இன்னும் ஒரு படி இறங்கு."

திரும்பும்போது எதிரே டுவேன் வந்தான். அவளைக் கண்டதும் நின்று, "கழிப்பறையைத் தேடினேன்க்கா," என்றான். அவனுக்குப் பின்னால் கார்லண்ட். அவரும் கழிப்பறையைத்தான் தேடினாராம். பயத்தில் வயிறு கெட்டுவிட்டது போல, பாவம், என்று நெல்டா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இன்னும் ஒரு படி இறங்கினாள். பிடிலை லேசாகச் சுருதி விலக்கி வைத்தாள். வில்லை முதல் நாள் மாணவி போல முஷ்டியில் பிடித்தாள். பன்னிரண்டு வயதில் விட்ட பழக்கம் அது.

பலன் உடனே தெரிந்தது. பாட வேண்டிய கோராவுக்கு இரண்டாவது சரணமே மறந்துவிட்டது. கார்லண்ட் பாஞ்சோ வாசிக்க விரலில் மாட்டும் உறைகளைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். டுவேன் மாண்டலினை அணைத்துக்கொண்டு வெறுமனே காலால் தாளம் போட்டான், அதுவும் தப்பாக. அவள் ஒரு படி இறங்கினால் இவர்கள் இரண்டு படி இறங்கினார்கள்.

"எவ்வளவோ முன்னேறிட்டோம்," என்றார் கார்லண்ட். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பாட்டை எப்படி முடிப்பது என்று அவர்கள் பழகவே இல்லை. முடிவு வரை ஒருமுறையும் போகவில்லை.

மதியம் வெயில் கொளுத்தியது. மேடைக்கு முன்னால் மடக்கு நாற்காலிகள் வரிசை வரிசையாக நிறைந்திருந்தன. முதல் நான்கு குழுக்களும் பிய்த்து உதறின. மூன்றாவது குழுவில் ஒரு பத்து வயசுப் பெண் பிடில் வாசித்தாள். தப்பு வந்தபோது சிரித்துக்கொண்டு மேலே போனாள். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. நெல்டா ஓரமாக நின்று அந்தக் குழுவில் தூண் யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவ்வளவு திறமை. தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அடுத்து, ஐந்தாவது குழு!"

மேடையில் ஒரே ஒரு மைக். வாசிப்பவர் முன்னால் வர வேண்டும், முடிந்ததும் விலக வேண்டும். ஐந்து பேரும் ஏறினார்கள். ஐந்து பேரும் மற்றவர்களுக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். மைக் நடுமேடையில் அநாதையாக நின்றது.

மேடை ஓரத்தில், கையெல்லாம் கரியோடு, வெண்டல் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது. திறந்தது மூடவே இல்லை. இன்னும் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லையே, அதற்குள்ளேயா, என்று நெல்டா நினைத்தாள்.

யாரும் தொடங்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் இருமினார். கடைசியில் ஐந்து பேரும், அவரவர் நேரத்தில், தொடங்கினார்கள்.

லவீனியா ஆற்றை நோக்கி நடந்தாள். நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். தனி வந்தபோது அய்வி பேஸைத் தூக்கிக்கொண்டு மைக்குக்கு வர அரைச் சரணம் ஆயிற்று. இரண்டு சுரங்கள் மைதானத்தைத் தாண்டி மலையில் மோதித் திரும்பி வந்தன. நாற்காலி மடக்கும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று.

லவீனியா மூழ்கினாள். பாட்டு அதோடு முடிய வேண்டும். முடிப்பதற்கு யாராவது ஒருவர் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும், அதுதான் வழக்கம். நெல்டா மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். தலைமை எடுக்காதே என்று வெண்டல் சொல்லியிருக்கிறார். கோரா வேறு வழியின்றிக் கடைசிச் சரணத்தை மறுபடி பாடினாள். லவீனியா இரண்டாம் முறை மூழ்கினாள். யாரும் காலைத் தூக்கவில்லை. மூன்றாம் முறை மூழ்கினாள்.

"கரையேத்துங்கப்பா அந்தப் பொண்ணை!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

இனி ஆசிரியர் வேலை எங்கே கிடைக்கப் போகிறது, என்று நெல்டா காலைத் தூக்கினாள். அதே நொடியில் மற்ற நான்கு பேரும் தூக்கினார்கள். இரண்டு நாளில் அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அதுதான். குளத்துக் கொக்குகள் மாதிரி ஐந்து பேர் ஒற்றைக் காலில் நிற்க, பாட்டு முடிந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் நாய்கள் குரைத்தன.

மேடைக்குப் பின்னால் புல்லில் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். யாரோ எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவரும் தொடவில்லை.

"தப்பெல்லாம் என் மேலதான்," என்றார் கார்லண்ட்.

"இல்லண்ணே, என்னாலதான்," என்றான் டுவேன்.

"நான் இன்னும் கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கணும்," என்றாள் கோரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அய்வி பேஸின் பின்னால் சத்தமில்லாமல் அழுதாள்.

நெல்டா நான்கு பேரையும் பார்த்தாள். நாளை இரவு கோழி ஆலை. வரிசை முழுக்கச் சிரிப்பு. அதுகூடப் பெரிதில்லை. இந்த நான்கு அப்பாவிகளும் இனி வாழ்க்கையில் வாத்தியத்தைத் தொட மாட்டார்கள். ஒரு நல்ல தூண் கிடைத்திருந்தால் இவர்களும் கரையேறியிருப்பார்கள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றார் கார்லண்ட்.

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"இல்ல கண்ணு, நீ சொல்லு."

"கோராக்கா சொல்லட்டும்," என்றான் டுவேன்.

அப்போது பதிவுக் கூடாரத்து ட்ரினா வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். ஐந்து பேரையும் எண்ணிப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"தூணுங்க அஞ்சு பேரையும் வெண்டல் உடனே வரச் சொல்றாரு. நல்லவேளை, கடைசியா வந்த உங்க பேரையெல்லாம் தொப்பியில போடாம ஒரே குழுவுல போட்டு வச்சேன், இல்லேன்னா இந்த வெயில்ல யாரை எங்கன்னு போய்த் தேடுறது?"